கிழிக்காத டப்பா

உ †

ராஜபாளையம்,
04.01.2026, ஞாயிறு மதியம்.

அன்புத் தம்பி சமுத்திரத்துக்கு,

ஐயாதுரை அண்ணன் எழுதுவது. 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் கை போகிறது. இருபத்தெட்டு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிற கை. அதற்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். ஆனால் நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு யார் காரணம் என்பது உனக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. பதினாறு தடவை அடித்தேன். பதினேழாவது தடவை, நீங்கள் அழைக்கும் நபர் தற்போது பதிலளிக்கவில்லை என்று ஒரு அம்மா சொன்னாள். அவளாவது என்னிடம் பேசுகிறாளே என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

முதலில் அவசரச் சேதி. சோழபுரம் ரோட்டில் உன் பட்டறை இருக்கிற ஷெட்டைத் தை முதல் தேதியிலிருந்து ஒரு டயர் கடைக்காரருக்கு விடப்போகிறார் நவநீதகிருஷ்ணன். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. "ஏமய்யா ஐயாதுரை, ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போனவன் வருவானா மாட்டானான்னு எம்புட்டு நாள் நான் ரோட்டைப் பாக்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அவர் தெலுங்கும் நம் தமிழும் கலந்து அலுப்பாகத்தான் கேட்டார். உன் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. அதன் மேல் யாரோ காதுகுத்துக்கு வரவேற்பு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். 'சமுத்திரம்' என்பதில் 'சமு' மட்டும் தெரிகிறது.

என் சேதி கேட்டால் சிரிப்பாய். கார் வீட்டு வாசலில் மூக்கு நசுங்கிக் கிடக்கிறது, அதற்கு மேல் தார்ப்பாய். நான் பஸ்ஸில் போகிறேன். கொஞ்ச தூரம்தான், ஆனால் மார்கழி மாதத்தில் அந்த பஸ்ஸில் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் வாய்தாவுக்குப் போகிறவன் நசுங்குகிற நசுங்கலைச் சொல்லி முடியாது. இறங்கும்போது ஒரு செருப்பு என்னுடையதாக இருக்கும். "என்ன ரைட்டரே, வண்டி என்னாச்சு?" என்று தினம் ஒருத்தர் கேட்கிறார். இந்த ரெண்டு மாதமாக அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லிவந்தேன் என்பது நீ இருக்கிற ஓசூர் வரைக்கும் வந்திருக்கும்.

உன் மதினி கிருபாபாய்க்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இடது மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை, மாவு அள்ள முடியவில்லை. தோசை நான்தான் சுடுகிறேன். அதைத் தோசை என்று அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அசைவாடுகிற எல்லாவற்றுக்கும் பேர் வைத்த ஆதாம் கூட இதற்குப் பேர் வைக்கத் திணறியிருப்பான் என்று போன வாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரி, எவ்வளவு நேரம்தான் நழுவிக்கொண்டே போவது. மனு எழுதுகிறவன் பழக்கம், நடந்ததை ஆதியிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் கை ஓடும். உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். தெரியாதது நடுவில் வரும்.

ஐப்பசியில் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரம் பூனை மாதிரி கத்தியது. நீ பார்த்துவிட்டு, பிரேக் பேடு தேய்ந்து தகடு வரைக்கும் போய்விட்டது, வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், மதுரையில் கம்பெனிக் கடையில் சொல்லி வரவழைக்க மூன்று நாள் ஆகும் என்றாய். மூன்று நாள் காரில்லாமல் போனால் என் கௌரவம் என்ன ஆவது? வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். "போன்ல எல்லாம் சாமான் வாங்காதிய. சமுத்திரம் தம்பிட்ட விடுங்க, அது பாத்துக்கிடும்" என்று கிருபாபாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் போனில் ஆர்டரை அமுக்கிவிட்டேன். பாதி விலை. ஒரே நாளில் வந்துவிடும் என்று போட்டிருந்தான். ஒரிஜினல், ஒரிஜினல், ஒரிஜினல் என்று மூன்று இடத்தில் போட்டிருந்தான். ஒரிஜினல் வைத்திருக்கிறவன் எதற்கு மூன்று தடவை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாங்கினவர்கள் பாராட்டி எழுதியதையும் படித்தேன். பத்துப் பேர் ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை. ஒரே ஆள் பத்துப் பேர் பேரில் எழுதிய மனுவை நான் தூரத்தில் வைத்தே கண்டுபிடிப்பேன். ஏனென்றால் பாதி மனுவில் அந்த ஒரே ஆள் நான்தான். நாள் பூராவும் தாளின் அடியில் 'உண்மை நகல்' என்று தட்டச்சு செய்து கோடு போடுகிற எனக்கு, பொய் நகல் முன்னால் வந்து நின்றபோது கண் தெரியவில்லை.

டப்பாவை உன்னிடம் கொண்டுவந்தேன். உன் பழக்கம் ஊருக்கே தெரியும். புதுச் சாமான் மாட்டினால் டப்பா மூடியின் உட்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, மூடியை மட்டும் பிய்த்து வண்டிக்காரர் கையில் கொடுப்பாய். மிச்ச டப்பாவை ரெண்டாக, நாலாகக் கிழித்துக் குப்பையில் போடுவாய். கிழிக்காத டப்பா கண்டவன் கைக்குப் போய்விடும் என்பாய். உன்னை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், ஜோசியக்காரன் கெட்டான் போ என்று. என் டப்பாவை மட்டும் கிழிக்க விடமாட்டேன். கோர்ட்டு ஸ்டாம்பு, குண்டூசி வைத்துக்கொள்ள நல்ல கெட்டி அட்டை என்று மூடியோடு பிடுங்கிக்கொள்வேன். நான் வேதக்காரன் என்பதால் என் டப்பாவில் மட்டும் சுழிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சிலுவையும் போடுவாய். "ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கிடட்டும், அண்ணாச்சி" என்பாய். ராஜபாளையத்தில் இந்த ரெண்டும் சேர்ந்து இருக்கிற டப்பா என் ஒருத்தன் டப்பாதான்.

அன்றைக்கு நீ பேடை எடுத்து நகத்தால் கீறினாய். மோந்து பார்த்தாய். "டப்பால ஒரு நம்பரு இருக்கு, சாமான்ல நம்பரே இல்ல. எழுத்து எழும்பி நிக்கணும் அண்ணாச்சி, இது மெழுகுல அழுத்துனாப்புல இருக்கு. ஓரத்தப் பாருங்க, நகத்துக்கே உதிருது. இத நான் மாட்ட மாட்டேன்" என்றாய். அதற்குப் பிறகு டப்பாவின் மூடியைத் தூக்கி உள்ளே செத்த நேரம் பார்த்தாய். "டப்பா மட்டும் எனக்குத் தெரிஞ்ச டப்பாதான். பொறவு தனியா ஒங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாய்.

நவநீதகிருஷ்ணன் தன் வண்டிக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள். ஆள் இருந்தால் எனக்கு வாய் நீளும். "ஏலே, ஒனக்குக் கமிஷன் போச்சேன்னு வயித்தெரிச்சல்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீ பேடைத் துடைத்து உள்ளே வைத்து, டப்பாவை மூடி, என் கையில் கொடுத்தாய். கிழிக்கிற பாவனை கூடக் காட்டவில்லை. அதுவும் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

இனிமேல் வருவது ஊருக்குத் தெரியாதது. உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. அந்தப் பேடை மாட்டினது நான்.

ஆமாம், நானேதான். கிருபாபாய் சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். போனில் ஒரு வீடியோ போட்டு வைத்துக்கொண்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி மாட்டினேன். அந்த ஆள் இந்தியில் பேசினான். எனக்கு இந்தி தெரியாது, கையை மட்டும் பார்த்தேன். எல்லாம் முடிந்தபோது ஒரு சின்னக் கம்பி மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் உபரியாக ஒன்று வைத்திருப்பான் என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஐம்பத்து நாலு வயசு எனக்கு.

மறுநாள் காலையில் அவளையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடிப் பக்கம் திரும்புகையில் மிதித்தால் கால் தரைக்குப் போகிறது. எதிரே பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றுகிற சங்கையா கேன்களை இறக்கி அடுக்கியிருந்தார். நேரே அதற்குள் போய்த்தான் நின்றேன். ஏழு கேன் பாலும் என் வண்டி மேல். உயிரோடு இருக்கும்போதே பால் ஊற்றிக்கொண்ட ஆள் இந்தத் தெருவில் நீர் ஒருத்தர்தான் என்று கோர்ட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பிறகு வண்டியைப் பார்த்தவர்கள், பேடின் பூச்சு தகட்டிலிருந்து பாளமாகப் பெயர்ந்து வந்திருக்கிறது என்றார்கள். உன் நகத்துக்கு உதிர்ந்த அதே பூச்சு.

சங்கையா, யார் மாட்டின பிரேக் என்று கேட்டார். கூட்டம் கேட்டது. அதற்கெல்லாம் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கிருபாபாய் ஒடிந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப் போய், என்னை நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று அவளும் கேட்டாள். சமுத்திரம் என்றேன். இருபது வருஷமாக அந்த வண்டியைத் தொட்டவன் நீ ஒருத்தன்தான். வாய்க்கு வேறு பேர் தெரியவில்லை. இது சாக்கு என்று எனக்கே தெரிகிறது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் காற்றோடு போயிருக்கும். இன்சூரன்ஸ் தாளில், கடைசியாகப் பழுது பார்த்தவர் யார் என்ற இடத்தில் உன் பேரை எழுதினேன். என் அழகான கையெழுத்தில். 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். விசாரிக்க வந்தவர் உன் பட்டறைக்குப் போய்விட்டு என்னிடம் வந்து சொன்னார்: "அந்த ஆளு ஒண்ணுமே மறுக்கல சார். 'அண்ணாச்சி எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்'னுட்டாரு." அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதி. நன்றாகத் தூங்கினேன், தம்பி.

நான் வாங்கினதைத் தள்ளிவிட்டு நீயே வேறு மாட்டிக் கொடுத்தாய் என்று, கிருபாபாய் உட்பட, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகுதான், சமுத்திரம் டூப்ளிகேட் மாட்டுதான் என்று பேச்சு ஓடியது. பஸ்ஸில் என் காதுபட ரெண்டு பேர் பேசினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. கார்த்திகை பாதியில் நீ ஷட்டரை இறக்கிவிட்டு, ஓசூரில் உன் மச்சினன் வேலை பார்க்கிற பெரிய சர்வீஸ் கம்பெனியில் வண்டி கழுவப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். இஞ்சினின் சத்தத்தை வைத்தே வியாதி சொல்கிறவன் வண்டி கழுவுகிறான்.

டிசம்பர் இருபதாம் தேதி இன்சூரன்ஸ்காரர்கள் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வெளிச்சத்துக்காக மூடியைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். உள்ளே நீல மையில் ஒரு சுழி. பக்கத்தில் ஒரு குட்டிச் சிலுவை. '61,340. சித்திரை 9.' உன் எழுத்து.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ எப்போது இதில் எழுதினாய் என்றுதான் யோசித்தேன். அப்புறம் போன ஆடி மாதம் ஞாபகம் வந்தது. கோர்ட்டு வாசலுக்கு ஒருத்தன் வந்தான். கார்ச் சாமான் டப்பா, கிழியாமல் இருந்தால் வாங்கிக்கொள்கிறேன், எடை போட வேண்டாம், ஒரு டப்பாவுக்கு இவ்வளவு என்றான். குண்டூசியையும் ஸ்டாம்பையும் மேசையில் கொட்டிவிட்டு ஏழு டப்பாவைக் கொடுத்தேன்; மூன்று வருஷத்துக்கு முன் நீ பிரேக் மாற்றிக் கொடுத்த இதுவும் அதில் ஒன்று. கிழிந்த அட்டைக்கு ஒரு விலை, கிழியாததற்கு அதைவிடப் பெரிய விலை என்று எவனாவது ஏன் கொடுக்கிறான் என்று கேட்கவில்லை. சமுத்திரம் கிழித்துப் போட்ட டப்பாவெல்லாம் நஷ்டம் பார்த்தாயா என்று மனசுக்குள் உன்னைப் பரிகாசம் வேறு செய்துகொண்டேன். போனில் வாங்கின பார்சலில் அனுப்பினவன் முகவரி மதுரைக்கு இந்தப் பக்கம்தான் போட்டிருந்தது. என் டப்பா ரொம்பத் தூரம் போகவில்லை. போய், பொய்யை வயிற்றில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

தெரிஞ்ச டப்பாதான் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. தனியாகப் பேச வேண்டும் என்றாயே, அதுவும். நாலு பேர் முன்னால் இந்த டப்பாவை விற்றது நீர்தானே என்று நீ கேட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? கமிஷன் என்று நான் சொன்ன அந்த நிமிஷத்தில் கேட்டிருக்கலாம். விசாரிக்க வந்தவரிடம் சொல்லியிருக்கலாம். ஷட்டரை இறக்கின அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நீ டப்பாவை மூடிக் கொடுத்ததோடு சரி.

இதெல்லாம் தெரிந்த பிறகும் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை நான். அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் அந்தப் பேடு மாதிரிதான்.

புத்தாண்டு அன்று காலை ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம். கிருபாபாய் எழுந்தாள். கட்டுப் பிரித்த கையைத் தூக்கிக் காட்டி, ஒரு மெக்கானிக்கின் கள்ள வேலையிலிருந்து ஆண்டவர் எங்களைக் காத்தார் என்று ஸ்தோத்திரம் சொன்னாள். சபை முழுக்க ஆமென் என்றது. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். நானும் ஆமென் சொன்னேன், தம்பி. சத்தமாகவே வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், இலையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நல்லா இருந்திருக்கும். "மாய்மாலம் பண்ணுன ஆளு நீங்க. ஆண்டவர் சமூகத்துல பொய்ச்சாட்சி சொன்னவ நானாயிட்டேனே" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்றைக்கு நாலாம் நாள். நான் சுடுகிற தோசையை மட்டும் சாப்பிடுகிறாள், ஒரு குறையும் சொல்லாமல். அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்தேன். பிரேக் மாட்டியது நான், டப்பா விற்றது நான், சமுத்திரம் மாட்ட மறுத்தான் என்று. என் வாழ்க்கையில் அதுதான் ஆகச் சின்ன மனு. இன்சூரன்ஸ் ஆபீசில் ஒன்று கொடுத்து, நஷ்ட ஈடு வேண்டாம், பொய் எழுதியதற்கு என்ன நடவடிக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சங்கையாவிடம் வாசித்தே காட்டினேன். அவர் கேனைக் கழுவிக்கொண்டே கேட்டார். "பாலு போனது கூடப் போகட்டும் ரைட்டரே. அந்த மனுசங்கிட்ட வண்டிய விடாதீகன்னு எங்க மாமாட்ட நானே சொன்னேனே" என்றார். நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரெண்டு தடவை படித்தார். அன்று சிரித்தவர்களில் அவரும் ஒருத்தர் அல்லவா. டயர்க்காரரிடம் பேச்சை நிறுத்திவைக்கிறேன், ஆனால் சமுத்திரமே வாயைத் திறந்து வாரேன் என்று சொல்லட்டும், போகி வரைக்கும்தான் பார்ப்பேன் என்றார்.

சனிக்கிழமை கான்சாபுரம் போனேன், உன் முகவரி கேட்டு. உன் பெண்சாதி மாரியாத்தாள் அவள் அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அவிய ஒங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு இம்புட்டு ஆத்திரம் வந்திருக்காது" என்றாள். காலண்டர் தாளில் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். நல்ல வெயில்.

இன்றைக்குக் காலையில் சபையில் நான் எழுந்தேன். நான் எழுந்தால் வேடிக்கையாக ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். சொல்லி முடித்தேன். ஆமென் சொல்லலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போதகர் பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார். கிருபாபாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாட்டுப் புத்தகத்தை ஒரு கையால் பிரித்து, நடுவில் எனக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள்.

இனி நீ என் போனை எடுக்க வேண்டாம். எனக்குப் பதில் எழுத வேண்டாம். நவநீதகிருஷ்ணனுக்கு மட்டும் போகிக்குள் ஒரு போன் போடு. வாரேன் என்று ஒரு சொல் போதும். ஊர்வாய்க்கு நான் பொறுப்பு. கோர்ட்டு வாசலில் ஒருத்தர் விடாமல் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வாய் எவ்வளவு வேகமாக ஒரு சேதியைக் கொண்டுபோகும் என்பது உனக்குத் தெரியாததா. கெட்ட சேதியைக் கொண்டுபோனபோது பார்த்திருப்பாய்.

இந்தக் கடிதத்தின் தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு கோணல் எழுத்து இருக்கிறதே, அது பிள்ளையார் சுழி. முதல் தடவை போடுகிறேன், வால் எந்தப் பக்கம் வளையும் என்று தெரியவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து உன்னையும் மாரியாத்தாளையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

மேற்கண்டவை யாவும் உண்மை. இந்தத் தடவை நிஜமாகவே.

உன் அண்ணன்,
ஐயாதுரை

பி.கு: டப்பா என் மேசை மேலேயே இருக்கிறது. இன்றைக்குக் கிழித்துப் போடலாம் என்று ரெண்டு தடவை எடுத்தேன். மூடிக்குள் உன் எழுத்து இருக்கிறது, என்னால் ஆகவில்லை. எப்படியும் அது உன் வேலை. நீ வந்து கிழி.